சவரக்கத்தி: கத்துக்குட்டியின் குறிப்புகள்

"அவனைப் போய் சிரைக்கச் சொல்லு." சில வருடங்களுக்கு முன்பு ஆபீஸில் ஒரு ஜூனியர் பையன் கோடைச் சொதப்பியபோது நான் சொன்ன வார்த்தை இது. எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றுக்கும் லாயக்கில்லாதவன் செய்கிற வேலை சிரைப்பது என்று தமிழில் நாம் கூசாமல் சொல்லிவிடுகிறோம். அடுத்த வருடம் நானே சவரக்கத்தியோடு கண்ணாடி முன்னால், கன்னத்தில் ரத்தம் வழிய நின்றேன். அப்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது.

மூன்று பிளேடு ரேசரில் கழுத்தெல்லாம் கொப்புளம் வந்ததுதான் ஆரம்பம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்தது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கடைசியில் கற்றுக்கொடுத்தவர் செங்கல்பட்டில் நான் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடைக்கார அண்ணன். வயது அறுபதைத் தாண்டியவர்.

கத்தியின் கணக்கு

சவரக்கத்தியின் முதுகு தடிமனாக இருப்பது அழகுக்காக இல்லை. தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுகின்றன. அதனால் கோணத்தைக் கை பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கத்தியின் வடிவமே பார்த்துக்கொள்கிறது. என் கத்தியின் அகலம் 18 மி.மீ., முதுகு 5 மி.மீ. முக்கோணக் கணக்குப் போட்டால் வாயின் கோணம் சுமார் 16 டிகிரி. காய்கறிக் கத்தியில் இந்தக் கோணம் நம் கையைப் பொறுத்தது. இதில் கத்தியைப் பண்ணும்போதே முடிவாகிவிட்டது.

சொரசொரப்பான கல்லில் தொடங்கி நைசான கல்லுக்குப் போக வேண்டும். நான் 1000, 5000, 8000 என்று எண் போட்ட மூன்று கற்கள் வைத்திருக்கிறேன். இந்த வேலை சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது தோல் வாரில் இழுப்பது. கல்லில் வாய் முன்னே போகும், வாரில் முதுகு முன்னே போக வேண்டும். மாறினால் வார் கிழியும். திருப்பும்போது கத்தி முதுகின் மேல்தான் புரள வேண்டும். முதல் வாரத்திலேயே என் வாரில் நாலு வெட்டு.

தினமும் ஏன் வார்? முடி எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது, ஆனாலும் கத்தியை மழுங்கடிக்கிறது. 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எஃகு உள்ளே ஒரே சீராக இருப்பதில்லை. கடினமான பகுதியும் கொஞ்சம் மெதுவான பகுதியும் சேரும் இடத்தில், முடி வளைந்து ஒரு பக்கமாக அழுத்தினால் கத்தியின் வாய் நுணுக்கமாகச் சில்லு தெறிக்கிறது. அதனால் முடி வளைந்துகொடுக்கும் அளவுக்கு ஊற வேண்டும், கத்தியும் சரியான சாய்வில் போக வேண்டும்.

முகம்

அண்ணன் முதல் நாள் கத்தியைத் தொடவே விடவில்லை. ஒரு பலூனை ஊதிக் கொடுத்து, நுரை தடவி, "இதை வழிங்க சார்" என்றார். மூன்று பலூன் வெடித்தது. அப்புறம் சொன்னார்: "அழுத்தாதீங்க. கத்தி பண்ற வேலையைக் கை பண்ணக்கூடாது."

அவர் சொன்ன வரிசை இது. வெந்நீரில் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட வேண்டும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தி தோலுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். நிமிர்ந்தால் வெட்டும், படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். முதல் இரண்டு வாரம் கன்னம் மட்டும், மீதிக்குப் பழைய ரேசர். மேலுதடும் மோவாயும் கடைசியில். முடி போகும் திசையிலேயே வழிக்க வேண்டும், எதிர் ஷேவிங் எல்லாம் மாதக் கணக்கில் பழகிய பிறகுதான். வெட்டினால் பயப்படாமல் படிகாரம்.

உப்புக்காற்று

2021-ல் வீட்டிலிருந்தே வேலை என்றதும், மாமல்லபுரத்தில் சில மாதம் வாடகைக்கு இருந்தேன். கத்தி திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. எவ்வளவு வார் இழுத்தும் பலனில்லை. பழைய கத்திகள் கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகு என்றால் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும், இதில் அது கிடையாது. கடல் காற்றில் உள்ள உப்புக்கு அது போதும். கத்தி வாயின் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத துருகூட அங்கே பள்ளம்தான்.

பக்கத்துச் சிற்பக்கூடத்தில் உளியைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தண்ணீர் காட்டுவார்கள். அங்கிருந்த பெரியவர் என் கத்தியைப் பார்த்துவிட்டு, "உளிக்குத் துரு பட்டா கல்லு கேக்காது தம்பி. இது மூஞ்சி ஆச்சே" என்று சிரித்தார். இப்போது சவரம் முடிந்ததும் துடைத்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுகிறேன். பாத்ரூமில் வைப்பதே இல்லை.

இந்தக் கத்தி எங்கே போனது?

கில்லெட் 1904-ல் மாற்று பிளேடு ரேசருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வீடுகளில் கத்தி போக அதுதான் தொடக்கம். நம் சலூன்களில் அது வெகுகாலம் தங்கியிருந்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வந்த பயத்திலும் விழிப்புணர்விலும், ஆளுக்கொரு புது பிளேடு என்பது பழக்கமானது. இன்று கடைகளில் பார்ப்பது பாதியாக ஒடித்த பிளேடு செருகும் கத்தி. அது நியாயமான மாற்றம். ஒரே கத்தியைப் பலருக்குப் போடவே கூடாது.

அண்ணனின் அப்பா கத்தி ஒரு பிஸ்கட் டப்பாவில், எண்ணெய்த் துணி சுற்றி இருக்கிறது. எங்கள் தாத்தா ஊரில் அப்படி ஒருவர் வருவார். வீட்டுக்குள் விடமாட்டார்கள், தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்துதான் சவரம். கூலி வருடத்துக்கு ஒருமுறை களத்தில் நெல். அவர் மனைவிதான் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. எங்கள் அப்பா பிறந்ததே அந்த அம்மா கையில்தான். அவர்கள் சாதிக்கு மருத்துவர் என்றும் பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். வாரில் கத்தியை இழுத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க ஆசைக்குக் கத்துக்கிறீங்க சார். என் பையனை நான் இதைத் தொடவே விடலை. பள்ளிக்கூடத்துல அவனையும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிட்டானுங்க."

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அந்த ஜூனியர் பையன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். போன மாதம் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கத்தி. சவரம் முடிந்து கடைக்குப் போனால் புறங்கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். "மோவாய்க்குக் கீழ விட்டிருக்கீங்க" என்பார். ஒன்றரை வருடமாக அதே இடம்தான்.