அடிபட்ட கூகை கையில் கிடைத்தால்



இரவில் லகாட் பக்கம் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று சத்தமின்றிச் சாலையைக் கடந்து போவதைப் பார்த்திருக்கலாம். அதுதான் கூகை. காம்பு மேலாகத் தொங்கும் வெற்றிலையைப் போன்ற வெள்ளை முகம் அதற்கு. மலாய்க்காரர்கள் ஆந்தை இனத்தையே 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை என்பார்கள். நம்மவர்களோ அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லை எடுப்பார்கள். வானத்தில் கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கைதான் இந்தக் கல்லையும் எடுக்கிறது. இரண்டுமே இரை பிடித்துத் தின்னும் பறவைகள். ஒன்று பகலில் வருகிறது, மற்றது இரவில் வருகிறது. நாம் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை வந்ததும் எலியும் பெருகியது. உதிர்ந்த பழத்தையும் குலையில் உள்ள பழத்தையும் அது கடித்துப் பாழாக்கும், லயத்து வீடுகளுக்குள் புகும், எலிக்காய்ச்சலையும் பரப்பும். எலி இருக்கும் இடத்துக்குக் கூகை வந்தது. தீபகற்ப மலேசியாவில் மிக அரிதாக இருந்த இந்தப் பறவை, ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டியது 1960களின் இறுதியில்தான் தெரியவந்தது. செம்பனை மரத்தில் பொந்து கிடையாது. ஆகவே தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன்மேல் பலகைப் பெட்டி வைத்தார்கள். கூகையின் இரையில் மிகப் பெரும்பங்கு எலிதான். ஒரு ஜோடி, குஞ்சுகளையும் சேர்த்து, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று தீர்க்கும். கூலி கேட்காத வேலையாள்!

இந்த வேலையாள் அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வது என்பதையே இன்று சொல்ல வந்தோம்.

முதலில் உங்கள் கையைக் காத்துக்கொள்ளுங்கள். ஆந்தையும் பருந்தும் அலகைவிடக் காலால்தான் அதிகம் காயப்படுத்தும். பழைய துண்டையோ கைலியையோ அதன்மேல் போட்டு, இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, கால்களைத் துணிக்கு வெளியே விடாமல் தூக்குங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து விடுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், கம்பியில் மோதி வால் இறகும் சிறகும் முறியும். பெட்டியை மூடி, இருட்டாகவும் அமைதியாகவும் வையுங்கள். பிள்ளைகள் ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள். நாய் குரைக்கும், வானொலி பாடும். இந்தப் பயமே அடிபட்ட பறவையைக் கொன்றுவிடக்கூடும்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாலும் சோறும் அதற்கு உணவல்ல. வெறும் இறைச்சியும் நாள் கணக்கில் போதாது. எலும்பு, மயிர் எல்லாம் சேர்ந்த முழு இரையைத் தின்றுதான் அது வளர்கிறது. செரிக்காததை உருண்டையாகக் கக்கிவிடும். ஓரிரவு பசித்திருப்பதால் பெரும்பாலும் கெடுதல் வராது. விடிந்ததும் வனவிலங்குத் துறை அலுவலகத்துக்கு, அதாவது பெர்ஹிலித்தானுக்குச் சொல்லிவிடுங்கள். அந்தத் துறையின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் நம் பேராக்கிலேயே, சுங்காயில் இருக்கிறது.

குஞ்சு கீழே விழுந்திருந்தால் காரியம் வேறு. மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. ஆனால் தரையில் கிடக்கும் கூகைக் குஞ்சுக்குத் தாய் இரை கொடுப்பது அரிது. காயம் இல்லையென்றால், மண்டோரிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லி ஏணி வைத்து, அதே பெட்டியில் திரும்ப விடச் செய்யுங்கள். வீட்டில் வளர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மனிதர் கையில் சிறுவயதிலிருந்து தின்ற குஞ்சு மனிதரையே தன் இனமென்று எண்ணிக்கொள்ளும். பிறகு காட்டிலும் பிழைக்காது, வீட்டிலும் நிற்காது. உரிமம் இல்லாமல் வளர்ப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஒடிந்த இறக்கை எப்படிச் சரியாகிறது? மருத்துவர் அதை மடித்து உடலோடு கட்டுவார். பறவையின் எலும்பு மூன்று வாரம் போல ஆனால் பெரும்பாலும் கூடிவிடும். கட்டு அதற்குமேல் நீண்டால் மூட்டு விறைத்துவிடும் என்பதால் நாளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முறிந்த சிறகுக்கு, வேறு பறவை உதிர்த்த சிறகை மெல்லிய குச்சி வைத்து ஒட்டுவதும் உண்டு. வல்லூறு பழக்கிய பழங்காலத்து வேட்டைக்காரர்களின் வித்தை அது! பின்பு நீண்ட கூண்டில் பறக்கவிட்டு உடம்பைத் தேற்றுவார்கள். தானாக எலி பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே, அந்தி நேரத்தில், கிடைத்த இடத்துக்கு அருகில் விடுவார்கள். இத்தனை வாரப் பாடுபட்டும் பிழைக்காதவை பல.

அடிபடாமலே விழும் கூகையும் உண்டு. வெளிக்காயம் இராது, சோர்ந்து உட்கார்ந்திருக்கும், சில சமயம் வாயில் இரத்தம் கசியும். எலிமருந்துதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். வார்ஃபரின் போன்ற பழைய மருந்தை எலி பல நாள் தின்றால்தான் சாகும். அந்த மருந்துக்கு எலிகள் பழகிப்போனபின், புரோடிஃபாக்கும் போன்ற கடும் மருந்துகள் வந்தன. இவற்றை ஒருமுறை தின்றாலே போதும். ஆனால் எலி உடனே சாகாது. சில நாள் மந்தமாக அலையும், அதன் ஈரலில் நஞ்சு தங்கியிருக்கும். மந்தமான எலிதான் கூகைக்குச் சுலபமான இரை. நஞ்சு ஏறினால் இரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசியும். இதற்கு மாற்று வைட்டமின் கே. அதையும் மருத்துவர் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆகையால் இப்படிக் கிடக்கும் பறவையைக் கொண்டுபோகும்போது, பக்கத்தில் எந்த மருந்து வைத்தார்கள் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

லயத்துப் பின்கட்டில் எலிக்கட்டி வைப்பவர்களும் நம்மில் இருக்கிறோம். வைத்தால், காலையில் செத்த எலியையும் தள்ளாடும் எலியையும் வெறுங்கையால் தொடாமல் எடுத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். வடிகாலில் வீசினால் கூகையோ பருந்தோ பூனையோ எடுத்துக்கொள்ளும். பொறி வைத்தே சமாளிக்க முடியுமானால் பொறியே நல்லது. கூகைப் பெட்டிக்குப் பக்கத்தில் கடும் மருந்தைப் போடாமல் இருக்க முடியுமா என்று தோட்ட நிர்வாகத்தைக் கேட்கவும் தயங்க வேண்டியதில்லை. பெட்டி வைக்கச் செலவிட்டவர்களும் அவர்கள்தானே.