காலக்கெடுவும் ஒரு பிரதிதான்

கல்விக் கொள்கை குறித்த நமது விவாதங்கள் பெரும்பாலும் உள்ளடக்கத்தோடு நின்றுவிடுகின்றன. மும்மொழியா, நுழைவுத் தேர்வா, தனியார்மயமா என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொள்கையை வாசிக்க, கூடிப் பேச, மறுத்தெழுத எத்தனை நாள் தரப்பட்டது, அதைத் தீர்மானித்தது யார் என்பதை அரசியல் கேள்வியாக நாம் எடுத்துக்கொள்வதில்லை. கால அட்டவணையும் அதிகாரம் எழுதும் ஒரு பிரதி. அதையும் வாசித்தாக வேண்டும் என்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜனவரி 6 அன்று துணைவேந்தர், ஆசிரியர் நியமனங்களுக்கான வரைவு நெறிமுறைகளை வெளியிட்டது. துணைவேந்தர் தேடுதல் குழுவில் வேந்தரின் பிரதிநிதி, மானியக் குழுத் தலைவரின் பிரதிநிதி, பல்கலைக்கழக உயர் அமைப்பின் பிரதிநிதி என மூவர்; மாநில அரசுக்கு இடமில்லை. கருத்துச் சொல்லக் கெடு பிப்ரவரி 5. இடையில் பொங்கல் விடுமுறை. தமிழகச் சட்டப்பேரவை ஜனவரி 9 அன்றே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு கெடு பிப்ரவரி 28 வரை நீண்டது. சட்டப்பேரவையால் மூன்று நாளில் பேச முடிகிறது. தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகிற நெசவாளி வீட்டுப் பெண்ணால்? தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் கௌரவ விரிவுரையாளரால்? 'எங்கள யாரு கேட்டாங்க' என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் கேட்கிற பதில்.

2019இல் கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவு 484 பக்கம். மே 31 அன்று ஒப்படைக்கப்பட்டது. முதல் கெடு ஜூன் 30. அதாவது நாளொன்றுக்குப் பதினாறு பக்கம், அதுவும் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். தமிழ் வடிவம் பின்னால்தான் வந்தது. கெடு இருமுறை நீட்டிக்கப்பட்டது. இந்தி பற்றிய பத்தி மட்டும் ஜூன் 3 அன்றே மாறிவிட்டது. தெருவில் எழுந்த குரலுக்குப் பத்தி மாறியது. எழுதி அனுப்பிய கருத்துகள் என்ன ஆயின, எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியாமலே போயிற்று.

விதி இல்லாமலில்லை. மத்திய அரசு 2014இல் ஏற்ற, சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை குறைந்தது முப்பது நாள் அவகாசமும், எளிய மொழியில் விளக்கமும், வந்த கருத்துகளின் சுருக்கமும் வெளியிடச் சொல்கிறது. நடைமுறையில் 'குறைந்தது' என்பது 'இதுவே போதும்' என்றாகிவிடுகிறது. அவசரத்தின் விலையைத் தில்லிப் பல்கலைக்கழகம் காட்டியது. நான்காண்டுப் பட்டப்படிப்பை அதன் கல்விக்குழு 2012 டிசம்பர் 24 அன்று அவசரக் கூட்டத்தில் ஏற்றது. இரண்டே நாளில் ஆட்சிக்குழுவும் ஏற்றது. 2013 ஜூலையில் தொடங்கி 2014 ஜூனில் திரும்பப் பெற்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு வருஷத்துப் பிள்ளைகள்.

அப்படியானால் மறுபரிசீலனையை எப்படித் திட்டமிடுவது? முதலாவது, கெடு என்பது தமிழ் வடிவம் வெளியான நாளிலிருந்தே எண்ணப்பட வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்க்கும்படி தில்லி உயர்நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டதை இங்கே நினைவுபடுத்தலாம். இரண்டாவது, தேர்வும் விடுமுறையும் கெடுவில் சேரக்கூடாது. மூன்றாவது, துறைக் கூட்டம், மாணவர் கூட்டம், அதன் பிறகே கல்விக்குழு என்று வரிசை இருக்க வேண்டும். மேலே முடிவெடுத்துவிட்டுக் கீழே கையெழுத்து வாங்குவது கலந்தாலோசனை ஆகாது. நான்காவது, நிராகரித்த கருத்துக்குக் காரணம் எழுத்தில் வர வேண்டும். ஐந்தாவது, கொள்கையை ஏற்கும் தீர்மானத்திலேயே அதை மீண்டும் பரிசீலிக்கும் தேதியும் இருக்க வேண்டும். தேதியில்லாத மறுபரிசீலனை வெறும் வாக்குறுதி.

இதையெல்லாம் அவர்கள் தருவார்கள் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. அடுத்த வரைவு வரும் நாளில் நம்மிடம் ஒரு அட்டவணை தயாராக இருக்கட்டும்: முதல் வாரம் பிரித்துப் படித்துத் தமிழில் சுருக்கம், இரண்டாம் வாரம் கல்லூரி வாசலிலும் தறிக்கூடத்திலும் பேச்சு, மூன்றாம் வாரம் எழுத்து. நான்காம் வாரத்தில், அனுப்பியதன் நகலை நாமே அச்சிட்டு வெளியிட வேண்டும். அது கோப்புக்குள் காணாமல் போக நாம் விடக்கூடாது.