வயரா, பேட்டரியா? ஒரு டிரில் மெஷினுக்குள் இவ்வளவு சங்கதியா!

கர்ட்டனுக்கு நாலு ஓட்டை, சாமி படத்துக்கு ஒன்று, ஷூ ரேக்குக்கு இரண்டு. சராசரி வீட்டில் ஒரு வருஷத்துக்கு டிரில் மெஷினுக்கு இருக்கும் வேலையே இவ்வளவுதான். ஆனால் கடைக்குப் போனால், “வயர் வச்சதா சார், சார்ஜ் போடறதா?” என்ற முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் முழிக்கிறோம். பர்ஸைத் திறக்கும் முன் இதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள்!

ஏழரை கிலோ டிரில்!

கையில் பிடித்து ஓட்டை போடும் முதல் மின்சார டிரில் 1895-ல் வந்தது. செய்தது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம். எடை? ஏழரை கிலோ! இன்று வீட்டுக்கு வாங்கும் வயர் டிரில் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது.

கைத்துப்பாக்கி கொடுத்த யோசனை!

டிரில்லைப் பிடித்தாலே துப்பாக்கி ஞாபகம் வருகிறதா? காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் 1910-ல் கடை விரித்த டங்கன் பிளாக், அலோன்ஸோ டெக்கர் என்ற இரு நண்பர்கள், கோல்ட் கம்பெனியின் கைத்துப்பாக்கியைப் பார்த்துத்தான் அந்தப் பிடியையும் விசையையும் டிரில்லுக்குக் கொண்டுவந்தார்கள். 1917-ல் காப்புரிமையும் வாங்கினார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்த வடிவம் மாறவில்லை!

நிலாவில் பிளக் பாயிண்ட் ஏது?

பேட்டரி டிரில்லை நாசா கண்டுபிடித்தது என்று பலரும் சத்தியம் செய்வார்கள். இல்லை! அதே இரு நண்பர்களின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-லேயே பேட்டரி டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாசாவின் நிலா டிரில்லுக்கு அந்த நிறுவனம் கைகொடுத்தது அதற்குப் பிறகுதான். 1971-ல் அப்போலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் அதைக்கொண்டு நிலாவின் தரையை இரண்டு மீட்டருக்கும் மேல் துளைத்தார். துளைத்த குழாய் உள்ளேயே சிக்கிக்கொள்ள, அவரும் சக வீரர் ஜேம்ஸ் இர்வினும் தோள் கொடுத்து நெம்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது!

20 வோல்ட்டும் 18 வோல்ட்டும் ஒன்றே!

ஒரு பெட்டியில் 18 வோல்ட், பக்கத்துப் பெட்டியில் 20 வோல்ட் மேக்ஸ். இரண்டாவதுதான் பலசாலி என்று எடுத்துவிடாதீர்கள். இரண்டிலும் இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்கள். வேலை நேரத்தில் ஒரு செல் சராசரியாகத் தருவது 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் செல்லுக்குச் சுமார் 4 வோல்ட், ஐந்துக்குச் சுமார் 20. அப்படியே 12 வோல்ட் மேக்ஸ் என்பதும் 10.8 வோல்ட்தான்!

முழு வேகத்தில் நாலு நிமிஷம்கூட வராது!

18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் பேட்டரியைப் பெருக்கிப் பாருங்கள். மொத்தக் கையிருப்பு 36 வாட்-அவர். 600 வாட் வயர் டிரில் மூச்சுப்பிடித்து இழுக்கும் மின்சாரத்தை இந்த பேட்டரியிடம் கேட்டால், நாலு நிமிஷத்துக்குள் காலி! ஆனால் பயப்பட வேண்டாம். செங்கல்லில் ஒரு ஓட்டைக்கு அரை நிமிஷம் போதும். ஸ்க்ரூவுக்கு சில விநாடிகள்.

ஜன்னலுக்கு மேலே ஒளிந்திருக்கும் வில்லன்!

கர்ட்டன் ராடு மாட்டுகிறீர்கள். பூச்சைத் தாண்டியதும் சிவப்புத் தூள் கொட்டினால் கவலையில்லை, செங்கல். சாம்பல் தூளே கொட்டி, பிட் ஒரு இம்மிகூட நகராமல் ‘கீ’ என்று கத்துகிறதா? அதுதான் லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் ஓடும் கான்கிரீட் உத்தரம். இங்கேதான் சின்ன பேட்டரி டிரில்கள் கைவிரிக்கும். பலவற்றில் ஹாமர் வசதியே கிடையாது! ஹாமர் உள்ள வயர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. சிலவற்றில் நிமிஷத்துக்கு 40,000 தட்டுகளுக்கும் மேல்! அப்படியும் இறங்காத கான்கிரீட்டுக்கு, உள்ளே பிஸ்டன் வைத்து ஓங்கி அடிக்கும் ரோட்டரி ஹாமர்தான் மருந்து.

மிக்ஸியும் டிரில்லும் பங்காளிகள்!

வீட்டு வயர் டிரில்லிலும் சமையலறை மிக்ஸியிலும் ஓடுவது பெரும்பாலும் ஒரே ஜாதி மோட்டார், யுனிவர்சல் மோட்டார். காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தால் நீலப் பொறி தெரியும். கார்பன் பிரஷ் உரசும் பொறி அது. பிரஷ் தேய்ந்தால் கொஞ்சக் காசில் ஜோடியாக மாற்றிவிடலாம். ஐந்து வருஷம் பரணில் கிடந்தாலும், தூசி தட்டி பிளக்கைச் சொருகினால் போதும், உறுமும்!

பேட்டரிக்கு சும்மா இருந்தாலே வயசாகும்!

லித்தியம் பேட்டரிக்கு வெயில் எமன். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் அடுப்பாகக் கொதிக்கும்போது, அங்கே கிடக்கும் பேட்டரி தொடாமலே தேய்கிறது. முழு சார்ஜில் வைத்தாலும் கெடுதல். சுத்தமாகக் காலியாக்கி மாதக்கணக்கில் போட்டால் உயிரே போகலாம். பாதி சார்ஜில், நிழலான அலமாரியில் வையுங்கள். ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது என்பதையும் மறக்காதீர்கள்!

ஸ்க்ரூ முடுக்குவதில் பேட்டரிதான் ராஜா!

பேட்டரி டிரில்லின் கழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான் கிளட்ச். வைத்த அளவு இறுகியதும் ‘டக் டக்’ என்று நழுவிவிடும். பிளைவுட்டில் ஸ்க்ரூ புதையாது, தலை சிதையாது. வீட்டு வயர் டிரில்கள் பலவற்றில் இந்த வளையம் இல்லை. வேகமோ பலவற்றில் நிமிஷத்துக்குச் சுமார் 2,800 சுற்று! கட்டில் பூட்டவும், கதவுக் கீலை இறுக்கவும், கரண்ட் போன நேரத்திலும் பேட்டரியை அடிக்க ஆளில்லை.

இரண்டு முள் பிளக், ஷாக் அடிக்காதா?

எர்த் முள் இல்லையே என்று பதற வேண்டாம். மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருந்தால் உள்ளே இரட்டைக் காப்பு உண்டு. உண்மையான ஆபத்து சுவருக்குள்! சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் வயர் ஓடலாம். அந்தக் கோட்டில் வயர் டிரில்லோ பேட்டரி டிரில்லோ, எதையும் வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டினால் சூடேறும், முழுக்க விரித்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் சுவரில் ஓட்டை போடுபவர் என்றால், 500 முதல் 600 வாட் வரை உள்ள, ஹாமர் வசதியோடு கூடிய வயர் டிரில். விலை குறைவு, ஆயுள் அதிகம். மரச்சாமான், ஸ்க்ரூ வேலைதான் ஜாஸ்தி என்றால் 12 வோல்ட் பேட்டரி டிரில். ஒரே ஒரு படம் மாட்டத்தான் என்றால் எதுவும் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள்! எதை எடுத்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டபின் விசையை அழுத்துங்கள். செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.