முறுக்கா, சக்லியா?

தாராவியில் முறுக்குத் தொழில் நேற்று முளைத்ததல்ல. நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் வீட்டு வாசலிலும் சந்திலும் அடுப்பு மூட்டி வளர்த்த தொழில் அது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அதை வாங்கும் தமிழருக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. வெறும் பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தாலும், இன்ன பண்டம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அதே முறுக்கு மராத்தியர், குஜராத்தியர் வீடுகளுக்குப் போக வேண்டுமென்றால்? புதுப் பை, புது லேபிள், புது வியாபாரப் பெயர் என்று ஏற்பாடுகள் தொடங்கும். 'முறுக்கு என்றால் யாருக்குப் புரியும்? சக்லி என்றே போட்டுவிடலாம்' என்ற யோசனையும் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சறுக்கல் ஆரம்பமாவது இங்கேதான்.

மராத்தியர் வீட்டுச் சக்லி 'பாஜணி' மாவில் செய்வது. அரிசி, கடலைப் பருப்பு, உளுத்தம் பருப்பு, கொத்தமல்லி விதை, சீரகம் முதலியவற்றை வறுத்து அரைத்த மாவு அது. நம் முறுக்கோ பெரும்பாலும் பச்சரிசி மாவும் உளுந்து மாவும் சேர்ந்தது. வடிவம் ஒன்று, ருசியும் நிறமும் வேறு. சக்லி என்று நம்பி வாங்கியவர் ஒரு கடி கடித்ததும், 'இது சக்லியே இல்லை' என்று பையை ஒதுக்கிவிடுவார். மறுமுறை வாங்கமாட்டார். குற்றம் பண்டத்தில் இல்லை. பையில் அச்சிட்ட சொல்லில் இருக்கிறது.

ஆகவே பெயரை மாற்றுவதைவிட விளக்கத்தைச் சேர்ப்பதே நல்லது. 'முறுக்கு' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே 'அரிசியும் உளுந்தும் சேர்த்த தென்னிந்தியச் சக்லி' என்று ஒரு வரி போட்டால் போதும். 'பாரம்பரியச் சுவை', 'ஈடு இணையற்ற தரம்' போன்ற அலங்காரங்களால் வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. காரம் உண்டா, எந்த எண்ணெயில் பொரித்தது, எத்தனை நாள் தாங்கும் என்பதே அவர் கேள்வி.

இதற்கு மும்பையிலேயே முன்னுதாரணம் உண்டு. 1959-ல் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளத் தொழிலைத் தொடங்கினார்கள். 1962-ல் 'லிஜ்ஜத்' என்று வியாபாரப் பெயர் வைத்தார்கள். ஆனால் பண்டத்தின் பெயரில் கைவைக்கவில்லை. பாப்பட் பாப்பட்டாகவே நாடெங்கும் விற்பனையானது.

சட்டமும் தெளிவைத்தான் கேட்கிறது. 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி, விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழையும் மராத்தியையும் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. சேர்மானங்களை, எடை அதிகமானது முதலில் வரும்படி வரிசையாகக் குறிக்க வேண்டும். வெறுமனே 'எண்ணெய்' என்றால் போதாது. பாமாயிலா, கடலை எண்ணெயா என்று சொல்ல வேண்டும். வெண்ணெய் முறுக்கானால் பால் பொருள் கலந்திருப்பதையும், மைதா சேர்த்திருந்தால் கோதுமை இருப்பதையும் தெரிவிக்க வேண்டும். அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஒரு வரியே பாதுகாப்பு. சைவத்துக்கான பச்சைக் குறி, 14 இலக்க உரிம எண், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு விவரம் ஆகியனவும் அவசியம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்வது நலம். லேபிளில் உள்ளதை, மாவு பிசையும் பெண்களிடம் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். எண்ணெய் மாறியிருந்தாலும் சேர்மானம் விட்டுப்போயிருந்தாலும் முதலில் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. அடுத்து, முறுக்கே தின்றறியாத மராத்தி அண்டை வீட்டார் ஒருவரிடம் பையைத் திறக்காமல் கொடுத்து, உள்ளே இருப்பது என்ன, ருசி எப்படியிருக்கும் என்று கேட்க வேண்டும். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அச்சகத்துக்குப் போகலாம். தடுமாறினால், திருத்த வேண்டியது அந்த ஒரு வரிதான். அச்சான பிறகு தவறு தெரிந்தால் அத்தனை பைகளும் வீண். அந்த நஷ்டம் அடுப்படியில் வேகும் கைகளின் கூலியில்தான் வந்து விழும்.