சாப் தானுந்துகளின் உடைமையும் பராமரிப்பும்

சாப் என்பது சுவீடன் நாட்டின் ட்ரோல்ஹெத்தான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1949 முதல் 2011 வரை தொடர்ச்சியாகத் தானுந்துகளை (கார்களை) உற்பத்தி செய்த நிறுவனத்தின் வணிகப் பெயர் ஆகும். உயர்தரத் தானுந்துகளின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டாலும், ஜெர்மானியப் போட்டியாளர்களோடு ஒப்பிடுகையில் இதன் உற்பத்தி எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தது. அதிக அளவில் விற்பனை நடந்த 2006 ஆம் ஆண்டில்கூட ஏறத்தாழ 1,33,000 தானுந்துகளே விற்பனையாயின. இந்நிறுவனம் 2011 டிசம்பர் 19 அன்று திவாலானது. ஆயினும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சாப் தானுந்துகள் இன்றும் ஓடுகின்றன. உற்பத்தியாளர் இல்லாத ஒரு தானுந்தைத் தொடர்ந்து ஓட்டுவது எவ்வாறு இயலும் என்பதற்கு இவை சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தோற்றம்

ஸ்வென்ஸ்கா ஏரோப்ளான் ஆக்டிபோலாகெட் (சுவீடிய வானூர்தி நிறுவனம்) 1937 இல் போர் வானூர்திகளைக் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. அப்பெயரின் முதலெழுத்துகளே சாப் என்றாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவுக்கு வந்தபோது வானூர்திகளின் தேவை குறைந்ததால், நிறுவனம் 1945 இல் சிறிய தானுந்து ஒன்றை உருவாக்கும் பணியைத் தொடங்கியது. பொறியாளர் குன்னார் யூங்ஸ்ட்ரோம் தலைமையில் ஒரு சிறு குழு இதில் ஈடுபட்டது. புறவடிவத்தை வரைந்தவர் சிக்ஸ்டென் சாசொன். முதல் மாதிரியான சாப் 92 இன் உற்பத்தி 1949 டிசம்பரில் தொடங்கியது. அது இரண்டு உருளைகள் கொண்ட இருவீச்சு எஞ்சினால் இயங்கியது. அதன் திறன் 25 குதிரைத்திறன் மட்டுமே. எனினும் வானூர்தி இறக்கையை ஒத்த வடிவத்தால் காற்றுத் தடை மிகக் குறைவாக இருந்தது.

எரிக் கார்ல்சன் சாப் 96 ஐ ஓட்டிப் பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. ராலியில் 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார். 1962, 1963 ஆம் ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியையும் வென்றார். சிறிய நிறுவனமொன்றின் பெயர் உலகறிய இவ்வெற்றிகள் காரணமாயின.

வடிவமைப்புச் சிறப்புகள்

சாப் தானுந்துகளைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் கூறுகள் சில பின்வருமாறு. இவற்றுள் பல, உடைமையாளர்கள் இவற்றைக் கைவிட மறுப்பதற்கும் இவற்றைப் பழுதுபார்ப்பதில் ஏற்படும் இடர்களுக்கும் ஒருசேரக் காரணமாக அமைந்தன.

* சாவித் துளை, சுக்கான் தண்டின் அருகில் இல்லாமல் முன்னிருக்கைகளுக்கு நடுவில் உள்ளது. மோதலின்போது ஓட்டுநரின் முழங்கால் சாவியில் இடித்துக் காயமுறுவதைத் தவிர்ப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. சாப் 99, 900 போன்ற கைமுறைக் கியர் கொண்ட மாதிரிகளில் பின்செல் கியரில் நிறுத்தினால் மட்டுமே சாவியை வெளியே எடுக்க முடியும்.
* 1977 இல் அறிமுகப்படுத்தப்பட்ட சாப் 99 டர்போ, டர்போ எஞ்சினை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றியது. தொடர்ந்து 1980களின் தொடக்கத்தில் வந்த கட்டுப்பாட்டு அமைப்பு, எஞ்சினில் எரிபொருள் முறையற்று வெடிக்கும் தட்டொலியை உணர்ந்து டர்போவின் அழுத்தத்தைத் தானாகவே குறைத்தது. இதனால் தரம் குறைந்த பெட்ரோலிலும் எஞ்சின் சேதமின்றி இயங்கியது.
* 1978 முதல் 1993 வரை உற்பத்தியான முதல் தலைமுறை சாப் 900 இல் எஞ்சின் 45 பாகை சாய்வாகவும், முன்பின்னாகத் திருப்பியும் பொருத்தப்பட்டிருந்தது. கியர் பெட்டி எஞ்சினுக்கு அடியில் இருந்தது. கிளட்ச் முன்புறம் இருந்தமையால் எஞ்சினை இறக்காமலேயே அதை மாற்ற முடிந்தது.
* இரவில் வேகமானியைத் தவிர ஏனைய கருவிகளின் விளக்குகளை அணைத்துவிடும் பொத்தான் பிற்கால மாதிரிகளில் இருந்தது. இது வானூர்தி ஓட்டுநர் அறையிலிருந்து பெறப்பட்ட கருத்தாகும்.

உரிமை மாற்றங்களும் திவாலும்

1969 இல் சாப், சரக்குந்து நிறுவனமான ஸ்கானியாவுடன் இணைந்தது. 1990 இல் தானுந்துப் பிரிவு தனி நிறுவனமாக்கப்பட்டு, அதன் 50 விழுக்காட்டை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் பெற்றுக்கொண்டது. 2000 இல் எஞ்சிய பங்குகளையும் அதுவே வாங்கியது. இக்காலத்தில் செலவைக் குறைக்கும் பொருட்டு ஓப்பல் தானுந்துகளின் அடிச்சட்டகங்கள் சாப் மாதிரிகளுக்கும் பயன்படுத்தப்பட்டன.

2008 இன் உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸ் சாப் நிறுவனத்தை விற்க முன்வந்தது. சுவீடனின் கோனிக்செக் நிறுவனத்துடனான பேச்சு 2009 நவம்பரில் முறிந்தது. 2010 இன் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் சாபை வாங்கியது. அவ்வாண்டு உற்பத்தி ஏறத்தாழ 32,000 ஆகச் சுருங்கியது. பாகங்களை வழங்கியோருக்குப் பணம் செலுத்த இயலாததால் 2011 ஏப்ரலில் தொழிற்சாலை நின்றது. சீன நிறுவனங்கள் முதலீடு செய்ய முன்வந்தன. ஆனால் தனது தொழில்நுட்ப உரிமங்கள் அவற்றின் கைக்குச் செல்வதை ஜெனரல் மோட்டார்ஸ் ஏற்கவில்லை. இதனால் திவாலைத் தவிர்க்க முடியவில்லை.

2012 இல் நெவ்ஸ் என்னும் நிறுவனம் தொழிற்சாலையையும் பிற சொத்துகளையும் வாங்கியது. அது 2013 டிசம்பரில் சாப் 9-3 இன் உற்பத்தியை மீண்டும் தொடங்கி, 2014 மே மாதத்தில் நிறுத்தியது. சாப் என்ற பெயரின் உரிமை சாப் ஏபி என்னும் பாதுகாப்புத் தளவாட நிறுவனத்திடம் இருந்தது. அது 2014 இல் பெயரைப் பயன்படுத்தும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. அதன் பின்னர் சாப் என்ற பெயரில் புதிய தானுந்து எதுவும் உற்பத்தியாகவில்லை.

உத்தரவாதமும் பாதுகாப்புத் திருத்தங்களும்

உற்பத்தியாளர் திவாலாகும்போது உடைமையாளர் முதலில் இழப்பது உத்தரவாதத்தை ஆகும். அமெரிக்காவில் 2010 க்கு முன்னர், அதாவது தனது உரிமையில் இருந்தபோது விற்கப்பட்ட சாப் தானுந்துகளுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் பொறுப்பேற்றுக்கொண்டது. ஸ்பைக்கர் காலத்தில் புதிதாக வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. மிகப் புதிய தானுந்தை வைத்திருந்தவர்களே அதிக இழப்புக்கு உள்ளாயினர் என்பது குறிப்பிடத்தக்கது.

பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யத் தானுந்துகளைத் திரும்ப அழைப்பதும் இத்தகைய இன்னொரு சிக்கலாகும். தகாத்தா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடியவை எனக் கண்டறியப்பட்டபோது, அமெரிக்காவில் சாப் 9-3, 9-5 மாதிரிகளுக்கான திருத்தத்தை 2016 இல் ஜெனரல் மோட்டார்ஸ் மேற்கொண்டது. பழைய உரிமையாளர் நிறுவனம் நிலைத்திருந்ததால் மட்டுமே இது இயன்றது.

உதிரிப் பாகங்கள்

சாப் தானுந்துகள் சாலையில் நீடிப்பதற்கு முதன்மையான காரணம், உதிரிப் பாகங்களுக்கான நிறுவனம் திவாலில் சிக்காமல் தப்பியதே ஆகும். ஐரோப்பிய முதலீட்டு வங்கி சாபுக்கு வழங்கிய கடனுக்குச் சுவீடன் அரசு பிணை நின்றது. அப்பிணைக்கு ஈடாகச் சாப் பார்ட்ஸ் என்ற துணை நிறுவனம் அரசிடம் அடகு வைக்கப்பட்டிருந்தது. தாய் நிறுவனம் வீழ்ந்ததும், சுவீடனின் தேசியக் கடன் அலுவலகம் வழியாக அது அரசின் உடைமையானது. புதிய தானுந்துகளை விற்று நட்டமடைந்த நிறுவனம் மறைந்தபோதும், ஏற்கனவே விற்ற தானுந்துகளுக்குப் பாகங்கள் விற்கும் தொழிலுக்குத் தேவை இருந்துகொண்டே இருந்தது. 2013 இல் ஓரியோ எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நிறுவனத்தைப் பின்னர் 2022 இல் ஹெடின் குழுமம் வாங்கியது.

கிடைக்கும் தன்மையைக் கொண்டு சாப் உதிரிப் பாகங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

* பகிரப்பட்ட பாகங்கள்: ஓப்பல் முதலிய தானுந்துகளிலும் உள்ளவை. இரண்டாம் தலைமுறை சாப் 9-3 இன் அடிச்சட்டகம் ஓப்பல் வெக்ட்ராவுடன் பொதுவானது. அதன் 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் பியட் நிறுவனத்துடையது. இத்தகைய பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன.
* தேய்மானப் பாகங்கள்: தடைக்கட்டைகள், வடிகட்டிகள், தாங்கிகள் போன்றவை. விற்பனை தொடர்ச்சியாக இருப்பதால் ஓரியோவும் பிற தனியார் உற்பத்தியாளர்களும் இவற்றை வழங்கி வந்துள்ளனர்.
* சாபுக்கே உரிய பாகங்கள்: உடற்தகடுகள், முகப்பு விளக்குகள், கண்ணாடிகள், உள்ளலங்காரப் பாகங்கள் ஆகியன. இருப்புத் தீர்ந்தால் பழைய தானுந்துகளிலிருந்து கழற்றி எடுப்பதே வழியாகும்.

2010 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை சாப் 9-5 இல் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதன் அடிச்சட்டகம் ஓப்பல் இன்சிக்னியாவுடன் தொடர்புடையது என்பதால் எஞ்சின் பழுதுகளுக்குத் தீர்வு உண்டு. ஆனால் குறைந்த எண்ணிக்கையிலேயே உற்பத்தியானதால் அதன் முகப்பு விளக்கு உடைந்தால் மாற்று கிடைப்பது அரிது. சிறு மோதல்கூட நல்ல நிலையில் உள்ள தானுந்தைப் பயனற்றதாக்கிவிடலாம்.

மின்னணுவியலும் சாவிகளும்

1970களின் தானுந்துக்கு ஒரு பாகம் கிடைக்காவிட்டால், திறமையான கடைசல் தொழிலாளி அதைச் செய்துவிடக்கூடும். 2000க்குப் பிந்தைய தானுந்துகளில் இது போதாது. 2003 முதலான சாப் 9-3 இல் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தானுந்துடன் மென்பொருள் வழியாக இணைக்கப்பட்டுள்ளன. பழைய தானுந்திலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தினால் அது இயங்காது. இணைப்பைச் செய்ய டெக் 2 எனப்படும் கண்டறி கருவியும், மையக் கணினியின் பாதுகாப்பு அனுமதியும் தேவைப்படும்.

சாவிகளும் இவ்வாறே இணைக்கப்பட்டுள்ளன. ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவதைச் சேர்ப்பது எளிது. எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால் சுக்கான் தண்டிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். ஆகவே இரண்டு சாவிகளுடன் விற்கப்படும் தானுந்தை வாங்குவதே நல்லது. பழைய மாதிரிகளின் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளை ஆர்வலர்கள் தாமே ஆராய்ந்து, அதைத் திருத்துவதற்கான செயலிகளை உருவாக்கியுள்ளனர்.

பரவலாக அறியப்பட்ட பழுதுகள்

எண்ணெய்க் கசடு: 1998 முதல் 2003 வரையான 9-3, 9-5 பெட்ரோல் எஞ்சின்களில் எண்ணெய் கெட்டியாகிக் கசடாகப் படிவது பெரும் குறையாகும். எண்ணெய்த் தொட்டியின் அருகில் வினையூக்கிப் பெட்டி இருப்பதால் உண்டாகும் வெப்பம், எஞ்சின் உள்வளிகளை வெளியேற்றும் அமைப்பின் குறைபாடு, எண்ணெய் மாற்றுவதில் நீண்ட இடைவெளி ஆகியன இதற்குக் காரணங்கள். கசடு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்து, டர்போவையும் தாங்கிகளையும் அழித்துவிடும். தொட்டியைக் கழற்றித் தூய்மை செய்தல், வளி வெளியேற்ற அமைப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றுதல், செயற்கை எண்ணெயைக் குறுகிய இடைவெளியில் மாற்றுதல் ஆகியன இதற்கான தீர்வுகளாகும்.

பற்றவைப்புப் பெட்டி: நான்கு உருளைகளுக்குமான பற்றவைப்புச் சுருள்கள் ஒரே பெட்டியில் அடங்கியுள்ளன. இது பழுதானால் தானுந்து வழியில் நின்றுவிடலாம். எனவே உடைமையாளர் பலர் ஓர் உபரிப் பெட்டியைப் பொருள்வைப்பறையில் எடுத்துச் செல்வர். இவ்வமைப்பு தீப்பொறிச் செருகியின் வழியே எரிதலையும் அளவிடுவதால், பரிந்துரைக்கப்பட்ட வகைச் செருகியையே பயன்படுத்த வேண்டும்.

சாவித் துளை: இருக்கைகளுக்கு நடுவில் உள்ளதால் காப்பி போன்ற பானங்கள் சிந்தினால் எளிதில் பழுதடைகிறது.

வாங்குவோர் கருத வேண்டியவை

உற்பத்தி நின்ற தானுந்தின் மறுவிற்பனை விலை பொதுவாகக் குறைவு. இதனால் ஒரு காலத்தில் உயர்விலையில் விற்ற தானுந்தைக் குறைந்த விலைக்கு வாங்க இயலும். ஆனால் பழுதுபார்க்கும் செலவு தானுந்தின் தற்போதைய விலைக்கேற்பக் குறைவதில்லை. அது புதிதாக இருந்தபோதைய தரத்துக்கு ஏற்பவே அமைகிறது. ஆகையால் ஓடிய தொலைவைக் காட்டிலும் பராமரிப்புப் பதிவேடே முதன்மையானது. அருகில் சாப் அறிந்த பணிமனை உள்ளதா என்பதையும் வாங்குமுன் அறிதல் வேண்டும். அனுபவமுள்ள தொழில்வினைஞர் ஓய்வுபெறும்போது அவரது அறிவும் பாகங்களைப் போலவே கிடைத்தற்கு அரியதாகிறது.

முறையான பராமரிப்பு இருந்தால் இவை நெடுங்காலம் உழைக்கும். அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பயன்படுத்திய 1989 ஆம் ஆண்டின் சாப் 900, பத்து இலட்சம் மைல்களுக்கு மேல் (ஏறத்தாழ 16 இலட்சம் கி.மீ.) ஓடிய பின் 2006 இல் அம்மாநிலத் தானுந்து அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது.

ஆர்வலர் அமைப்புகளும் அருங்காட்சியகமும்

2010 ஜனவரியில் சாப் மூடப்படும் நிலை ஏற்பட்டபோது, பல நாடுகளில் உடைமையாளர்கள் தம் தானுந்துகளை அணிவகுத்து ஓட்டி ஆதரவு தெரிவித்தனர். ட்ரோல்ஹெத்தானில் உள்ள சாப் அருங்காட்சியகத்தின் தொகுப்பு திவாலுக்குப் பின் விற்பனைக்கு வந்தது. அது சிதறிப் போகாதவாறு 2012 இல் ட்ரோல்ஹெத்தான் நகராட்சி, சாப் ஏபி, வாலன்பெரி அறக்கட்டளை ஆகியன சேர்ந்து வாங்கின. உடைமையாளர் சங்கங்கள் பழுதுபார்க்கும் குறிப்புகளைத் தொகுப்பதோடு, தீர்ந்துபோன பாகங்களைச் சிறு எண்ணிக்கையில் மீண்டும் செய்விப்பதிலும் ஈடுபடுகின்றன. அரிய பாகங்களைக் காப்பதற்காக, ஓட்ட முடியாத தானுந்துகளைக் கழிவிடத்துக்கு அனுப்பாமல் பிரித்துச் சேமிக்கும் வழக்கமும் இவர்களிடையே உண்டு.