ராஜாவின் சட்டையை யார் நீட்டுவது?

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். முதல்நாள் ராத்திரி ஏதோ பிரெஞ்சு ராஜா காலத்துத் தொடர் பார்த்திருக்கிறாள். காலையில் டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்ததும் அதே பேச்சு. "ஏன் சித்தி, ராஜாவுக்குச் சட்டை எடுத்துக் குடுக்க ஒரு டியூக் எதுக்கு? அதுக்கெல்லாம் வேலைக்காரங்க இல்லையா? அதுக்குப் போய் ரெண்டு பேரு முறைச்சுக்கிறாங்க!"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் பிடிபட்டால் அந்தக் கால ஐரோப்பிய அரசவைகளைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. எனக்குப் பிடித்த விஷயமும்கூட. இன்னொரு தரம் டீக்குப் பால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அரசாங்கம் வேறு, ஆள்பவரின் வீடு வேறு என்று நாம் பழகிவிட்டோம். கோட்டை ஒரு பக்கம், முதலமைச்சர் குடியிருக்கும் வீடு இன்னொரு பக்கம். அன்றைக்கு அப்படிக் கோடு கிழித்து வைக்கவில்லை. பிரான்சில் 'மேசோன் த்யு ருவா' என்று ஓர் அமைப்பு இருந்தது. சொல்லுக்குச் சொல் 'ராஜாவின் வீடு' என்றுதான் பொருள். சமையல்காரர், பாதிரியார், வைத்தியர், குதிரை லாயத்து ஆட்கள், வேட்டை நாய் பார்ப்பவர்கள், மெய்க்காவல் படை எல்லாரும் அதில் அடக்கம். அதற்கென்று தனி அமைச்சர் உண்டு. பாரிஸ் நகர விவகாரங்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. ராஜாவின் அடுப்பங்கரையும் நாட்டின் தலைநகரமும் ஒரே மேசையில் கவனிக்கப்பட்டன என்றால் புரிகிறதா?

இப்போது வெர்சாய்க்குப் போவோம். பதினான்காம் லூயியின் அப்பா 1623-இல் அங்கே ஒரு சின்ன வேட்டை மாளிகை கட்டினார். மகன் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, 1682 மே 6 அன்று அரசவையையே அங்கே குடிபெயர்த்தார். 1701-இல் தன் படுக்கையறையை மாளிகையின் நட்டநடுவில், கிழக்கு பார்த்து வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய அரண்மனையின் மையத்தில் இருந்தது சிம்மாசனம் இல்லை, ஒரு கட்டில். இது எதேச்சையாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

அந்தக் கட்டிலிலிருந்து ராஜா எழுவதுதான் அன்றைய முதல் நிகழ்ச்சி. அறைக்குள்ளேயே மடக்குக் கட்டிலில் படுத்திருந்த முதன்மை அறைப் பணியாளர் எட்டு மணி வாக்கில் எழுப்புவார். வைத்தியரும் அறுவை மருத்துவரும் வந்து பார்ப்பார்கள். சின்ன வயதில் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் உயிரோடு இருந்தவரை, அவரும் வந்து ராஜாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு புனித நீர், சுருக்கமாக ஒரு பிரார்த்தனை. அதற்கப்புறம்தான் கூட்டம், அதுவும் மொத்தமாக இல்லை, தவணை தவணையாக. முதல் தவணையில் உள்ளே வருபவருக்கு ராஜா இரவு உடையில் தலைமுடி கலைந்து கிடைப்பார். கடைசித் தவணைக்காரருக்கு முழு அலங்காரத்தோடு கிடைப்பார். யார் எந்தத் தவணையில் வரலாம் என்பது எழுதிவைத்த உரிமை.

சட்டைக்கு வருகிறேன். சட்டையை ராஜாவிடம் நீட்டும் உரிமை, அந்த நேரம் அறையில் இருப்பவர்களில் அந்தஸ்தில் உயர்ந்தவருக்கு. பட்டத்து இளவரசர் இருந்தால் அவர். இல்லையென்றால் அரச ரத்தத்தைச் சேர்ந்த இன்னொருவர். அவரும் இல்லையென்றால் அரண்மனையின் பெரிய அதிகாரி. வலது கைப்பக்கம் உதவ ஒருவர், இடது கைப்பக்கம் உதவ ஒருவர். ஆக, சட்டை எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் பார்த்தே, இன்றைக்கு இங்கே யார் பெரியவர் என்று அறை முழுக்கத் தெரிந்துகொள்ளும்.

"சரி, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றாள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. படைப்பிரிவின் தலைமை, மடாலய வருமானம், மகளுக்கு நல்ல சம்பந்தம், ஆயுள் மானியம் எல்லாமே ராஜாவின் வாய்ச்சொல்லில் இருந்தன. இதற்கு விண்ணப்பப் படிவமோ தேர்வோ கிடையாது. அவர் காதுக்குப் பக்கத்தில் அரை நிமிஷம் நிற்கக் கிடைக்கிறவனுக்கு, ஊரில் பெரிய பண்ணை வைத்திருப்பவனுக்கு இல்லாத ஒன்று கையில் இருக்கிறது. அரைமணி நேரமாக ஒரு மனிதர் சட்டை மாட்டிக்கொள்கிற இடத்தில் எத்தனை அரை நிமிஷம் இருக்கும், யோசித்துப் பார். அதனால்தான் அந்த அறைப் பணியாளர்களுக்கும் அவ்வளவு மதிப்பு. அலெக்சாந்தர் போந்தான் என்று ஒருவர். லூயியின் முதன்மை அறைப் பணியாளர்களில் முக்கியமானவர், வெர்சாய் மாளிகையின் நிர்வாகமும் அவரிடம். ராஜா மதாம் த மெந்தெனோனை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டபோது கூட இருந்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் ஒருவர் என்று, அதே அரசவையில் இருந்த சேன்-சிமோன் டியூக் எழுதிவைத்திருக்கிறார். பெரிய பெரிய பிரபுக்கள் அவர் தயவை நாடியதில் என்ன வியப்பு?

இந்த வேலைகளில் பலவற்றை விலைக்கு வாங்கலாம் என்பது நம் ஆட்களுக்குச் சட்டென்று விளங்காது. லஞ்சம் என்று நினைக்க வேண்டாம், சட்டப்படியே பதவி ஒரு சொத்து. நாடகாசிரியர் மோலியேரைத் தெரியுமல்லவா? அவருடைய அப்பா பாரிசில் மெத்தை, திரைச்சீலை வியாபாரி. 1631-இல் ராஜாவின் அறைகலன் பணியாளர் பதவியைப் பெற்றார். மகனுக்கும் அதில் வாரிசு உரிமை வந்தது. வருஷத்தில் மூன்று மாதம்தான் வேலை. காலாண்டுக்கு ஒரு குழுவாக முறை மாறும். ராஜாவின் கட்டிலை விரிப்பது, அரசவை இடம் மாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது போன்ற பணிகள். பிரெஞ்சு மேடையின் மிகப் பெரிய எழுத்தாளர், ராஜாவின் மெத்தை விரிப்பை உதறிப்போடும் உரிமையையும் கையில் வைத்திருந்தார். இந்தப் பணியாளர்களுக்குப் பொதுப்பெயர் 'கொமென்சோ'. ராஜாவோடு ஒரே மேசையில் உண்பவர்கள் என்று பொருள். அவர் வீட்டுச் சோறு உண்பவர்கள் என்ற அந்தப் பேரோடு வரிவிலக்கும் சேர்ந்து வந்தது.

சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. சமையல் நடந்தது மாளிகைக்குள் இல்லை; தெருவைத் தாண்டி 'கிராந்த் கொம்மன்' என்ற தனிக் கட்டடத்தில். அங்கிருந்து காவலர் துணையோடு ஊர்வலமாக உணவு வரும். படியேறி, கூடம் கூடமாகக் கடந்து வரும். வழியில் நிற்பவர்கள் தொப்பியை எடுத்துவிட்டு அந்தத் தட்டுகளுக்குத் தலைவணங்க வேண்டும். மேசைக்கு வந்ததும் விஷம் இருக்கிறதா என்று சோதனை. இதெல்லாம் முடிந்து ராஜா வாயில் வைக்கும்போது ஆறிப்போயிருக்கும். என் அடுப்பிலிருந்து இந்தத் திண்ணைக்கு எட்டு அடி. பிரான்சின் ராஜாவுக்கு இந்தச் சூடு கிடைத்ததில்லை.

ராத்திரி படுக்கப்போகும்போதும் இதே கதை, தலைகீழாக. அங்கே ஒரு சின்ன மெழுகுவர்த்தித் தண்டு வரும். ராஜா உடை மாற்றும்போது அதை யார் பிடித்துக்கொள்வது என்று ராஜாவே சுற்றுமுற்றும் பார்த்து ஒரு பெயரைச் சொல்வார். அறை நன்றாக வெளிச்சமாகத்தான் இருக்கும். விளக்குக்குத் தேவையே இல்லை. 1702-இல் அதே சேன்-சிமோன், பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில் ராணுவத்தை விட்டு விலகினார். ராஜாவுக்குக் கடும் அதிருப்தி. அதே சமயத்தில் ஒரு ராத்திரி மெழுகுவர்த்தியை அவரிடம் கொடுக்கச் சொன்னார். அந்தச் சின்ன விஷயத்தை சேன்-சிமோன் தன் நினைவுக் குறிப்புகளில் விலாவாரியாக எழுதினார். அதை ஒரு முட்டாள்தனமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. தன் வாழ்வும் தாழ்வும் ஒரே மனிதரின் முகத்தில் எழுதியிருக்கும்போது, அந்த முகத்தின் ஒவ்வொரு சுளிப்பையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

பெண்களுக்கு இந்தப் போராட்டம் ஒரு குட்டி இருக்கையில் நடந்தது. சாய்மானமோ கைப்பிடியோ இல்லாத 'தபூரே'. ராணி முன்னால் டச்சஸ் அந்தஸ்துள்ளவர்கள் அதில் உட்காரலாம். மற்ற சீமாட்டிகள் எத்தனை மணி நேரமானாலும் நிற்க வேண்டியதுதான். 1649-இல், லூயி சிறுவனாக இருந்தபோது, அவன் அம்மா அந்த உரிமையைத் தகுதியில்லாத இரண்டு பெண்களுக்குக் கொடுத்தார். பிரபுக்கள் பாரிசில் கூட்டம் கூட்டி எதிர்த்து, அதைத் திரும்பப்பெற வைத்தார்கள். நாட்டில் உள்நாட்டுக் கலகம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

"அப்போ லூயி இவங்களையெல்லாம் கூண்டுல அடைச்சு வெச்சிருந்தாரு, அதானே?" என்றாள். அந்தத் தொடரிலும் அப்படித்தான் சொன்னார்களாம். இது பழைய கருத்து. நோர்பெர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளர் 1969-இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெரிய வலு கொடுத்தது. பாதி உண்மைதான். ஆனால் கூண்டில் அடைபட்டதாகச் சொல்லப்படும் குடும்பங்கள் அங்கே மானியமும் பதவியும் கடனுதவியும் பெற்றுத் தழைத்ததையும் பார்க்க வேண்டும். இது இரண்டு பக்கமும் லாபம் பார்த்த ஏற்பாடு. ராஜாவும் அதே கயிற்றில் கட்டுண்டுதான் கிடந்தார். உடம்பு சரியில்லை, இன்றைக்கு யாரும் வரவேண்டாம் என்று அவரால் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்திலும் இப்படித்தான், இன்னும் வெளிப்படையாக. எட்டாம் ஹென்றியிடம் 'குரூம் ஆஃப் த ஸ்டூல்' என்றொரு பதவி. ராஜா மலம் கழிக்கும்போது கூட இருந்து உதவுபவர். முகம் சுளிக்காதே, தனியறையில் மற்ற அனைவருக்கும் தலைவர் அவர்தான், ராஜாவின் கைச்செலவுப் பணமும் அவர் பொறுப்பில். அந்தப் பதவியில் இருந்த ஹென்றி நோரிஸ், ராஜாவின் மனைவி ஆன் போலினோடு சேர்த்துக் குற்றம்சாட்டப்பட்டு 1536 மே 17 அன்று தலை வெட்டப்பட்டார். எட்டாம் ஹென்றியிடம் கடைசியாக அதில் இருந்தவர் அந்தோணி டென்னி. கிழட்டு ராஜாவுக்குக் கையெழுத்துப் போட முடியாமல் ஆனபோது, கையெழுத்தைச் செதுக்கிய ஓர் அச்சை மையில்லாமல் காகிதத்தில் அழுத்தி, பதிந்த தடத்தின் மேல் மை தீட்டினார்கள். அந்த அச்சு டென்னியின் வட்டத்திடம் இருந்தது. 1546 டிசம்பர் 30 தேதியிட்ட ஹென்றியின் உயிலிலேயே அந்த அச்சுதான் விழுந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் ராஜா இறந்தார்.

அதே இங்கிலாந்தில், பிற்காலத்தில் ஆண்ட ராணி ஆன் காலத்தில் சாரா சர்ச்சிலிடம் படுக்கையறையின் தங்கச் சாவி இருந்தது. சாராவே அரண்மனையில் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏழை உறவுக்காரி அபிகெய்ல், ராணியின் மனசுக்குள் நுழைந்துவிட்டாள். 1711 ஜனவரியில் சாவியைத் திருப்பிக் கேட்டார் ராணி. சாராவின் கணவர் மார்ல்பரோ, ஐரோப்பாவே அஞ்சிய தளபதி. மனைவிக்காக ராணியிடம் மண்டியிட்டுக் கெஞ்சினார், பலிக்கவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அவருடைய படைத்தலைமையும் போயிற்று.

மறுபடி வெர்சாய். பதினான்காம் லூயிக்குப் பின் இரண்டாவது ராஜாவின் காலம், ஒரு குளிர்காலக் காலை. ராணி மரி அந்துவானெத் ஆடை களைந்து நிற்கிறார். அவருடைய பணிப்பெண் மதாம் காம்பான் உள்சட்டையை விரித்துப் பிடித்திருக்கிறார். தலைமைச் சீமாட்டி உள்ளே வருகிறார். மூத்தவர் அவர், ஆகவே அவசரமாகக் கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டையை வாங்குகிறார். கதவில் சுரண்டும் சத்தம். ஆமாம், அந்த அரண்மனையில் கதவைத் தட்டக்கூடாது, விரல்நகத்தால் சுரண்ட வேண்டும். ஓர்லேயான் டச்சஸ் வருகிறார். அரச குடும்பம், சட்டை இப்போது அவருக்கு. அதை நேரடியாகக் கொடுக்கக்கூடாது என்பதால் திரும்பக் காம்பான் கைக்கு வந்து அவரிடம் போகிறது. மறுபடி சுரண்டல். ராணியின் கொழுந்தன் மனைவி, புரொவான்ஸ் சீமாட்டி. மறுபடி கைமாறுகிறது. ராணி இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு குளிரில் நின்றுகொண்டிருக்கிறார். வந்தவர் அதைப் பார்த்துவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாட்டிவிட, ராணியின் தலைமுடி கலைகிறது. ராணி சிரித்துச் சமாளித்தார், ஆனால் அதற்குமுன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்ததையும் காம்பான் கேட்டிருக்கிறார்.

என் அக்கா மகளுக்கு இப்போது டியூக்கின் மேல் இருந்த சிரிப்பு போய்விட்டது. "பாவம்" என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும்.

ராணி இதிலிருந்து தப்பிக்கப் பார்த்தார். சின்ன த்ரியானோன் மாளிகைக்குப் போய், தான் கூப்பிட்டவர்கள் மட்டும் வரட்டும் என்று இருந்துகொண்டார். ஒரு மனுஷியாக அவர் செய்ததில் என்ன குற்றம்? ஆனால் சட்டை நீட்டும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குடும்பங்களுக்கு அது தெருவில் நிறுத்தியதுபோல. வெறுப்பு ஊறியது.

1789 அக்டோபர் 6, விடிவதற்குச் சற்று முன்னோ பின்னோ, பாரிசிலிருந்து வந்த கூட்டம் மாளிகைக்குள் ஏறிவிட்டது. ராணியின் அறையில் அன்றிரவு இருந்த இரண்டு பெண்களில் ஒருவர் காம்பானின் தங்கை. ராணியை எழுப்பி, கையில் கிடைத்ததைச் சுற்றிவிட்டு, ராஜாவின் அறையைப் பார்த்து ஓடினார்கள். எப்போதும் ராணியின் பக்கத்திலிருந்து மட்டுமே பூட்டப்படும் ஒரு கதவு, அன்றைக்கு அந்தப் பக்கம் பூட்டியிருந்தது. நகத்தால் சுரண்ட நேரமில்லை. ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். ராஜாவின் அறைப் பணியாளர் ஒருவரின் வேலைக்காரன் வந்து திறந்தான். உள்ளே ராஜா இல்லை. மனைவியைத் தேடி அவர் வேறொரு வழியாகப் போயிருந்தார்.