போர்டு சாகலை பாஸ்... கழட்டிப் பாருங்க!

குன்னூர். சனிக்கிழமை ராத்திரி 10 மணி. வெளியே மூடுபனி. உள்ளே, பாய் மேல நியூஸ் பேப்பர் விரிச்சு, அதுக்கு மேல எங்க வீட்டின் முதல் கம்ப்யூட்டர். நானே பார்ட் பார்ட்டா வாங்கி, நானே மாட்டினது. கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கியாச்சு. "சாமி கும்பிட்டுட்டுப் போடு"ன்னாங்க அம்மா. கும்பிட்டேன். பட்டனை அமுக்கினேன்.

ஃபேன் ஒரு சுத்து சுத்துச்சு. நின்னுடுச்சு. அவ்ளோதான்!

திரும்ப அமுக்கினேன். அதே ஒரு சுத்து. அம்மா முகத்தைப் பார்க்கவே முடியலை. ஏன்னா, அந்தப் பெட்டிக்குள்ள இருந்த பாதிப் பணம், அவங்க எஸ்டேட்டில் கொழுந்து பறிச்சு வாங்கின தீபாவளி போனஸ்.

பார்ட்ஸ் வாங்கின கடைக்கு போன் போட்டேன். "போர்டு போயிருக்கும் தம்பி. எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்கள். சொல்றது ஈஸி! கடை இருக்கறது கோயம்புத்தூரில். 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிப் போகணும். போய் வர ஒரு முழு நாள் காலி. ஊட்டி, கூடலூர் நண்பர்களுக்கு இன்னும் தூரம். அவ்வளவு தூரம் சுமந்துட்டுப் போய், "போர்டு நல்லாத்தானே இருக்கு"ன்னு அவங்க சொன்னா எப்படி இருக்கும்?

அதனால மலையில் இருக்கற நமக்கு ஒரே ரூல்தான் பாஸ். ஊகிக்காதே... சோதி!

டி.வி. அண்ணன் சொன்ன மந்திரம்

மறுநாள் காலையில், பக்கத்து லைனில் டி.வி. ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட போய் நின்னேன். அவருக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது. ஆனா ரிப்பேர் தெரியும்! "புதுப் பொருள் கெட்டிருக்கறது கம்மி. மாட்டினது தப்பா இருக்கறதுதான் ஜாஸ்தி. எல்லாத்தையும் கழட்டு. எது இல்லாம ஓடாதோ அதை மட்டும் வெச்சு ஓட்டிப் பாரு" என்றார்.

கழட்டினேன். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வெச்சேன். பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர். அவ்வளவுதான். கேபினெட் கிடையாது, ஹார்டு டிஸ்க் கிடையாது. போர்டு வந்த பளபளப்பான கவர் மேல வெச்சு ஓட்டாதீங்க. சில கவர்களின் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தும். அட்டைதான் சேஃப்.

பவர் பட்டன் கேபினெட்டில்தானே இருக்கு? பரவாயில்லை. போர்டின் ஓரத்தில் பவர் சுவிட்சுக்குன்னு இரண்டு பின் இருக்கும். மேனுவலில் படமே போட்டிருப்பாங்க. அந்த இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு செகண்ட் தொட்டு எடுத்தால் போதும், பட்டனை அமுக்கின மாதிரிதான். தொட்டேன்.

ஃபேன் சுத்துச்சு. நிக்கலை! மானிட்டரில் கம்பெனி லோகோ. அப்படின்னா போர்டு உயிரோட இருக்கு. திருடன் கேபினெட்டுக்குள்ள இருக்கான்!

டார்ச் அடிச்சுப் பார்த்தால் விஷயம் புரிஞ்சுது. மதர்போர்டு கேபினெட்டின் தகரத்தைத் தொடாம இருக்க, அடியில் குட்டி குட்டி பித்தளை முட்டுகள் இருக்கும். பெயர், ஸ்டாண்ட்-ஆஃப். என் கேபினெட் பெரிய போர்டுக்கானது. அதாவது ஏ.டி.எக்ஸ்., 305க்கு 244 மில்லிமீட்டர். நான் வாங்கினது மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., 244க்கு 244. பெரிய போர்டுக்காக மாட்டியிருந்த ஒரு முட்டு, என் போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில் நின்னு, அடியிலிருந்த சால்டர் புள்ளிகளை இடிச்சுட்டு இருந்தது. ஷார்ட்! அதைக் கண்டுபிடிச்சு எஸ்.எம்.பி.எஸ். தானே ஆஃப் ஆகியிருக்கு. பாவம், அது எங்களைக் காப்பாத்தத்தான் பார்த்திருக்கு.

இன்டெல் 1995ல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். அளவைத்தான் இன்னிக்கும் பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுகள் பின்பற்றுது. அதனால் கணக்கு சிம்பிள். போர்டில் எங்கெங்கே ஓட்டையோ, அங்கெல்லாம் முட்டு இருக்கணும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒண்ணுகூட இருக்கக் கூடாது.

உங்க கேஸ் எது?

ஒண்ணுமே அசையலையா? முதல்ல எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி இருக்கற குட்டி சுவிட்சைப் பாருங்க. சிரிக்காதீங்க, பாதிப் பேர் மாட்டறது இங்கேதான்! அடுத்து 24 பின் கனெக்டர். 'டக்'னு கொக்கி விழற வரை அழுத்தணும். அதுக்கப்புறம் கேபினெட் பட்டன் வயர் சரியான பின்னில் இருக்கான்னு பாருங்க. சுவிட்ச் வயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் ஓடும். லைட் வயருக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு.

ஒரு சுத்து சுத்தி நிக்குதா? என் கதைதான். வெளியே எடுத்து அட்டை மேல ஓட்டுங்க. அங்கே ஓடினால் முட்டையும், போர்டுக்கு அடியில் விழுந்த ஸ்க்ரூவையும் தேடுங்க.

ஃபேன் ஜோரா ஓடுது, டிஸ்ப்ளே இல்லையா? இதுதான் ரொம்ப காமன். பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின்னில் தனி பவர் சாக்கெட் இருக்கும். அதை மறந்தாலும் ஃபேன் சுத்தும், பிராசஸருக்கு மட்டும் சோறு இல்லை! அடுத்து ரேம். கழட்டி, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேமை மாட்டுங்க. நாலு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் இதுக்கு ஏ2ன்னு பெயர். பயப்படாம, ஆனா நேரா அழுத்துங்க.

அப்புறம் மானிட்டர் வயர். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதில்தான் மாட்டணும், போர்டில் இல்லை. கார்டே இல்லையா? பிராசஸருக்குள்ள கிராஃபிக்ஸ் இருக்கான்னு பாருங்க. இன்டெல்லில் பெயர் 'எஃப்'ல முடிஞ்சா இல்லைன்னு அர்த்தம். ஏ.எம்.4 சாக்கெட் ரைசன்களில் 'ஜி' இருக்கணும். போர்டு கெட்டுப்போச்சுன்னு அழறவங்களில் எத்தனையோ பேருக்கு இதுதான் காரணம்.

டி.டி.ஆர்.5 ரேம் போட்டிருந்தால் இன்னொண்ணு. முதல் தடவை ஆன் பண்ணும்போது, ரேமைப் பழக்கப்படுத்திக்கவே சில நிமிஷம் எடுத்துக்கும். கறுப்புத் திரையைப் பார்த்து பதறி ஆஃப் பண்ணிடாதீங்க. போய் ஒரு டீ போட்டுட்டு வாங்க.

நிறைய போர்டுகளில் சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் என நாலு குட்டி லைட் இருக்கும். எது அணையாம நிக்குதோ அங்கேதான் பிரச்னை. லைட் இல்லாத போர்டா? சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு மாட்டுங்க. பீப் சத்தத்தை எண்ணி மேனுவலில் பார்த்தால் அதுவே சொல்லிடும்.

மலைக்கு மட்டும் சில விஷயம்

குளிரில் வெளியே நின்னுட்டு டீக்கடைக்குள்ள நுழைஞ்சதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியுமே, கவனிச்சிருக்கீங்களா? அதே ஆவி போர்டிலும் படியும். பனியில் பஸ்ஸில் வந்த பெட்டியை, கரி அடுப்பு எரியற சூடான ரூமில் உடனே பிரிக்காதீங்க. மூடினபடியே இரண்டு மூணு மணி நேரம் வையுங்க. நமக்கு எதிரி குளிர் இல்லை, ஈரம்.

ஜனவரி ராத்திரியில் கம்பளி ஸ்வெட்டரைக் கழட்டும்போது 'படபட'ன்னு பொறி பறக்கும். அந்த ஸ்டேட்டிக், சிப்பைச் சாகடிக்கப் போதும். ஸ்வெட்டரைக் கழட்டி வெச்சுட்டு, பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.

கேபினெட்டைத் தொட்டா 'ஜிவ்வு'ன்னு இழுக்குதா? போர்டு மேல பழி போடாதீங்க. வீட்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே கசியற சின்ன கரன்ட், எர்த் வழியா இறங்கணும். எர்த் இல்லைன்னா உங்க வழியா இறங்கும்! பழைய வீடுகளில் டூ-பின் அடாப்டர் போட்டு ஒப்பேத்தாம, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

கடைசியா கரன்ட். 1932லேயே பைக்காராவில் தண்ணியிலிருந்து மின்சாரம் எடுத்த மலை இது. ஆனாலும் மழைக்காலத்தில் கம்பி மேல மரம் சாய்ஞ்சா நமக்கே கரன்ட் இல்லை! பழைய போர்டில் புது பிராசஸர் போடறவங்க பயாஸ் அப்டேட் பண்ண வேண்டி வரலாம். பாதியில் கரன்ட் போச்சுன்னா, நல்ல போர்டும் நிஜமாவே செத்துடும். யூ.பி.எஸ். இல்லாம அந்தப் பக்கமே போகாதீங்க.

நிஜமாவே போயிருந்தா?

எல்லாம் பண்ணியாச்சு, அப்பவும் அசையலை. கடைசி முயற்சி: பவர் வயரைப் பிடுங்கிட்டு, போர்டிலுள்ள காசு மாதிரி பேட்டரியை ஐந்து நிமிஷம் கழட்டி மாட்டுங்க. பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். அதுக்கும் மசியலைன்னா பிராசஸரைத் தூக்கி, பின் எதுவும் வளைஞ்சிருக்கான்னு பாருங்க. ஏ.எம்.4ல் பின் பிராசஸரில் இருக்கும். இன்டெல், ஏ.எம்.5ல் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். வளைஞ்ச பின்னுக்கு வாரன்ட்டி கிடைக்கறது கஷ்டம். அதனால் வாங்கின அன்னிக்கே சாக்கெட்டை போட்டோ எடுத்து வையுங்க. பில், பெட்டி, சாக்கெட் மேல இருந்த பிளாஸ்டிக் மூடி... எதையும் தூக்கிப் போடாதீங்க.

அதுக்கப்புறம் தாராளமா மலை இறங்குங்க. "என்னன்னு தெரியலைங்க"ன்னு நிக்காம, "அட்டை மேல வெச்சு ஓட்டினேன், ரேம் மாத்தினேன், டிராம் லைட் அணையவே இல்லை"ன்னு சொல்லுங்க. கடைக்காரர் பேசற தோரணையே மாறும்!

என் கதைக்கு வர்றேன். அந்த ஒரு முட்டை பிளையரால் திருகி எடுக்க இரண்டே நிமிஷம். திரும்ப மாட்டி பட்டனை அமுக்கினதும் திரை வெளிச்சமாச்சு. அம்மா அந்தப் பித்தளைத் துண்டை உள்ளங்கையில் வெச்சுப் பார்த்தாங்க.

"இத்தனூண்டுக்கா ராத்திரி பூரா தூங்காம கிடந்தே?"

ஆமாம்மா. இத்தனூண்டுதான்!